நோன்பு நாளில் வந்த பதக்கம்

செத்துப்போன புருஷனின் ஆயுளுக்காக எந்தப் பெண்ணாவது நோன்பு நோற்பாளா? கமலினி போன வருஷம் நோற்றாள். இந்த வருஷம் என்ன ஆனாலும் மாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்து வைத்திருந்தாள். மனசுக்குள் செய்கிற சத்தியத்தை அந்த வீட்டில் யார் மதிக்கப்போகிறார்கள்? அவள் கண் விழித்தபோதே மாமியார் வேதவதி அரிசி மாவு வறுக்கிற வாசனை சமையலறையிலிருந்து வந்துவிட்டது.

காரடையான் நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்தில், கட்டின புருஷன் நெடுநாள் இருக்கவேண்டும் என்று சுமங்கலிகள் அடை தட்டி, வெண்ணெய் வைத்து, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிற நாள். ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் தெருவில் எல்லா வீட்டிலும் இது கிடையாது. வேதவதி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். கொண்டுவந்ததில் ஒரு இழையைக்கூட விட்டுக்கொடுக்கிற மனுஷி இல்லை அவள்.

அதே நாள் பார்த்துத்தானா ராணுவமும் விழா வைக்கவேண்டும்? வேதவதியின் ஒரே பிள்ளை, கமலினியின் புருஷன், கேப்டன் ஹயக்ரீவனுக்கு வீரத்துக்கான சேனா மெடல். விழா இந்தத் தடவை திருச்சியிலேயே, காலையில். நோன்பு நேரம் சாயங்காலம். "ரெண்டும் ஒரே நாள்ல அமைஞ்சிருக்கு பாரு, பெருமாள் அனுக்கிரகம்," என்று வேதவதி தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் தை மாதம், வடக்கே எல்லையில் ஒரு மலைச்சரிவு. எதிராளிகள் திடீரென்று ஏறிவந்துவிட்டார்கள். காயம்பட்டவர்கள் கீழே இறங்குகிறவரை ஹயக்ரீவன் முன்னால் நின்று சுட்டு வழியை அடைத்து வைத்திருந்தான். பிறகு ஒரு குண்டு அவன் பக்கத்திலேயே விழுந்தது. அதற்குப் பின்னால் பனி சரிந்து அந்த இடத்தையே மூடிவிட்டது. வாரக்கணக்கில் தோண்டியும் உடம்பு கிடைக்கவில்லை. கூட இருந்த சிப்பாய் ஜெபராஜின் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு ராணுவம் அவனை இறந்தவனாக அறிவித்தது.

அந்த ஜெபராஜ் பொன்மலைப் பையன். அப்பா ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருந்து ரிடையர் ஆனவர். லீவில் வந்தவன் நேராக ஸ்ரீரங்கம் வந்தான். கூடத்தில் அவனை உட்கார வைத்து, அவன் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு வேதவதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ உன் கண்ணால பாத்தியா அவன் போனதை?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "இல்லம்மா," என்றான். "நான் பாக்கல."

அவ்வளவுதான். வேதவதி எழுந்துபோய் அவனுக்குக் காபி கலந்துகொண்டு வந்தாள். அவன் கிளம்பும்போது தெருமுனைவரை போன கமலினியிடம்தான் உண்மையைச் சொன்னான். "சார் போயிட்டாரு மேடம். நான் பக்கத்துலதான் இருந்தேன். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படிக் கேட்டா நான் எப்படிச் சொல்லுவேன்?" சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். அதற்கப்புறம் போன் அடித்தால் எடுக்கவே இல்லை.

புண்ணியவான்! அவன் இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை, இங்கே ஒரு பெண்ணை உயிரோடு கட்டிப்போட்டுவிட்டது. கமலினி ராணுவத்துக் கடுதாசியைக் காட்டி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "கூட இருந்த பிள்ளை எங்கிட்ட அவன் வாயால சொன்னான். அதைவிடவா உன் கடுதாசி பெரிசு? அவன் போயிடணும்னு உனக்கென்னடி அவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள் வேதவதி. இந்தக் கேள்விக்கு எந்த மருமகளால் பதில் சொல்ல முடியும்?

மாமனார் அழகியமணவாளனுக்கு உண்மை தெரியாமலா இருக்கும்? பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர், ராணுவத்துக் காகிதம் எல்லாம் அவர் கை வழியாகத்தான் வந்தது. ஆனால் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சாஸ்திரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். "காணாமப் போனவாளுக்குப் பன்னண்டு வருஷம் காத்திருக்கணும்னு இருக்கும்மா. அவசரப்படப்படாது," என்று ஒரு நாள் கமலினியிடம் மெல்லச் சொன்னார். பன்னிரண்டு வருஷம்! சொல்கிறவருக்கு என்ன, வாயில் வருகிறது, சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஆக, திருச்சி ஜங்ஷன் பக்கத்து இன்சூரன்ஸ் ஆபீசில் கமலினி விதவை. காவிரிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்தால் சுமங்கலி. வெள்ளிக்கிழமை தவறாமல் தலையில் பூ, காலில் மஞ்சள். அழக்கூடாது. உயிரோடு இருக்கிறவனுக்காக அழுதால் அவனுக்கு ஆகாது என்று மாமியாரின் கட்டளை. பெங்களூரிலிருந்து அண்ணா, "எங்களோட வந்துடு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் போகவில்லை. ஹயக்ரீவனுக்காக அழ உலகத்தில் தனக்குச் சமமாக உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவளும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டு அழவேண்டும். கமலினிக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. அதற்கு வேதவதி முதலில் அவன் செத்துப்போனதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

கமலினியும் மாமனாரும் விழாவுக்குக் கிளம்பும்போது, நோன்பு வேலைக்காக வீட்டில் தங்கிய வேதவதி அரக்குப் பட்டை எடுத்து நீட்டினாள்.

"அங்க எல்லாரும் சாதாரணமாத்தான் வருவாம்மா," என்றாள் கமலினி.

"வரட்டுமே. நீ கேப்டன் ஆம்படையா. என் குழந்தைக்குக் கிடைக்கற கௌரவத்தை மூளிக் கழுத்தோடயா போய் வாங்குவே?" தலை நிறைய மல்லிகையை வைத்து, நெற்றியில் குங்குமத்தைத் தானே சரிசெய்தாள். "வந்தான்னா மெடலை அவனே குத்திக்கட்டும். அதுவரைக்கும் பெருமாள்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் நாழியாறதுக்குள்ள வந்துடு, சரடு கட்டணும்."

மைதானத்தில் பந்தல், பேண்டு வாத்தியம், கஞ்சி போட்ட உடுப்புகள். பதக்கம் வாங்கவந்த குடும்பங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். கமலினிக்கு அடுத்த நாற்காலியில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண், மடியில் கைக்குட்டை. மருங்காபுரிப் பக்கம், பெயர் லூர்துராணி என்றாள். புருஷன் போய் எட்டு மாதம் ஆகிறதாம். பேசும்போதே கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டே பேசினாள். அந்தக் கண்ணீரைக் கமலினி பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரரு எந்த வரிசையில நிக்கிறாரு?" என்று கேட்டாள் லூர்துராணி.

"இல்லைங்க."

"வரலையா?"

"அவரும் போயிட்டார்."

லூர்துராணி அவள் தலைப்பூவையும் பட்டையும் ஒருமுறை பார்த்தாள். "அப்புறம் ஏம்மா இந்தக் கோலம்?" என்றாள். அதில் ஏளனம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கமலினிக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

பெயரைக் கூப்பிட்டார்கள். கேப்டன் ஹயக்ரீவன், மரணோபராந்த் என்று மைக்கில் ஹிந்தியில் சொன்னார்கள். சம்ஸ்கிருத வாத்தியாருக்கு அந்த வார்த்தைக்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. அழகியமணவாளன் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். கமலினி மேடை ஏறினாள். அவன் எப்படி நின்றான், எத்தனை பேர் அவனால் பிழைத்தார்கள் என்று வாசித்தார்கள். ஒரு உயர் அதிகாரி சின்னப் பெட்டியை அவள் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். வெள்ளியில் ஒரு வட்டம், சிவப்பு நாடா, நடுவில் வெள்ளைக் கோடு. மரணத்துக்குப் பின் என்று ஊரறிய ஒருவர் சொன்னாரே என்று அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இப்படி ஒரு ஆறுதலா என்று தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

கீழே இறங்கியதும் அவள் தேடியது ஜெபராஜை. பட்டாலியன் சார்பில் அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். காலையிலிருந்து அவள் கண்ணில் படாமல் பந்தல் பந்தலாக நழுவிக்கொண்டிருந்தான். குடிதண்ணீர் வைத்திருந்த இடத்தில் பிடித்துவிட்டாள்.

"போனை ஏன் எடுக்கலை?"

"என்ன சொல்லுவேன் மேடம்?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். இன்னிக்கு எங்காத்துக்கு வந்து அம்மாகிட்ட சொல்லுங்க. தெருமுனையில எங்கிட்ட சொன்னதை அவாகிட்ட சொல்லுங்க."

"என்னால முடியாது மேடம். அந்தம்மா உயிரு அதுலதான் ஓடுது."

"என் உயிர்?" அவள் குரல் உயர்ந்ததில் இரண்டு அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னிக்குச் சாயங்காலம் அவர் ஆயுசுக்கு என் கழுத்துல சரடு கட்டப்போறா. போன வருஷமும் கட்டினா. நீங்க நல்லவரா இருந்துட்டுப் போயிட்டீங்க ஜெபராஜ். அந்த நல்லதனத்தை தினம் தலையில வச்சுண்டு சுமக்கறது நான்!"

ஜெபராஜ் தொப்பியைக் கழற்றினான். வியர்வையைத் துடைத்தான். அழகியமணவாளன் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தடுப்பார் என்று கமலினி நினைத்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தபடி, "கார்ல மூணு பேர் போகலாம்," என்றார். அந்த மனுஷனால் முடிந்தது அவ்வளவுதான்.

விருந்தும் போட்டோவும் முடிந்து கிளம்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. காவிரிப் பாலத்தில் கார் நின்று நின்று போயிற்று. ராஜகோபுரம் தெரிந்ததும் ஜெபராஜ் டிரைவரிடம், "இங்கேயே இறக்கி விட்டுருங்களேன்," என்று ஒரு தடவை சொன்னான். டிரைவர் கண்ணாடியில் கமலினியைப் பார்த்தான். அவள், "நிறுத்த வேண்டாம்," என்றாள்.

வாசலில் வேதவதி ஆலம் கரைத்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். கமலினியைப் பெட்டியோடு நிறுத்திச் சுற்றி, நெற்றியில் ஆலத்தைத் தொட்டு வைத்தாள். பின்னால் ஜெபராஜைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாப்பா, வா! நல்ல நாள் பாத்து வந்திருக்கே. உள்ள வா. அடை சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அவன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான். லேஸை அவிழ்க்க அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

கூடத்தில் பெருமாள் படத்துக்கு முன்னால் நுனி இலைகள் போட்டு, உப்படை, வெல்ல அடை, வெண்ணெய், பூச்சுற்றிய சரடுகள் எல்லாம் தயாராக இருந்தன. வேதவதி பதக்கப் பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் படத்துக்குக் கீழே வைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் வாயில் படவில்லை. ஆனாலும் களைப்பே தெரியவில்லை.

"உக்காருடி. மொதல்ல உனக்குக் கட்டிடறேன்."

"வேண்டாம்மா."

"நாழி ஆறது."

"அம்மா, நான் கட்டிக்க மாட்டேன். ஜெபராஜ், சொல்லுங்க."

வேதவதி சரடும் கையுமாகத் திரும்பினாள். "என்ன சொல்லணும்?"

"இப்போ வேண்டாமே, நோன்பு முடியட்டுமே," என்று அழகியமணவாளன் முணுமுணுத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ஜெபராஜ் கைகட்டி நின்றான். "அம்மா, நான் அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"நான் பாத்தேம்மா. சார் பக்கத்துலதான் இருந்தேன்."

வேதவதி உட்காரவும் இல்லை, கத்தவும் இல்லை. போலீஸ்காரர் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதுதான் கமலினிக்குப் பயமாக இருந்தது.

"மூச்சு இருந்துதா?"

"இல்லம்மா."

"நன்னாப் பாத்தியா? இருட்டா இருந்திருக்கும்."

"மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்தேன். கழுத்துலயும் பாத்தேன். கண்ணு தெறந்திருந்துச்சு. நான்தான் மூடினேன்."

"ஏன் தூக்கிண்டு வரலை?"

"ஒருத்தரைத்தான் தூக்க முடிஞ்சுதும்மா. பக்கத்துல வசீம்னு ஒருத்தன் கெடந்தான், அவனுக்கு உசுரு இருந்துச்சு. அவனைக் கீழ விட்டுட்டு சாருக்காகத் திரும்ப ஏறினேன். பாதி வழியிலயே பனி எறங்கிருச்சு." அவன் குரல் உடைந்தது. "சாரைத் தனியா விட்டுட்டு வந்துட்டேம்மா. நீங்க கையைப் பிடிச்சதும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

"அந்தப் பையன் எப்படி இருக்கான் இப்போ?"

"ஒரு காலு இல்ல. நல்லா இருக்கான்."

வேதவதி தலையை ஆட்டினாள். கையிலிருந்த சரட்டைப் பார்த்தாள். அதை இலையில் வைக்காமல், கீழே தரையில் வைத்தாள். பிறகு கமலினியின் பக்கம் திரும்பினாள்.

"நோன்பு நாளும் அதுவுமா, அவனைக் கொன்னுட்டியேடி."

"ஆமாம்மா," என்றாள் கமலினி. வேறு என்ன சொல்வது? அந்த வீட்டில் இத்தனை நாள் அவன் உயிரோடுதான் இருந்தான். இந்த நிமிஷம்தான் செத்தான். கூட்டிவந்து சாகடித்தது அவள்தான். அழுகை வரும் என்று எத்தனை மாதமாகக் காத்திருந்தாள்! வரவில்லை.

வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். ஜெபராஜ் சுவரோரம் போய் முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டான். என்ன செய்வது என்று தெரியாத அழகியமணவாளன், தெரிந்த ஒன்றைச் செய்தார். வீட்டுக்கு வைதிகக் காரியம் பண்ணிவைக்கிற வாத்தியாருக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டார்.

வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சாக்ஷி நேர்ல சொல்லிட்டான்னா காத்திருக்கவெல்லாம் வேண்டாம் ஸ்வாமி. கேட்ட நாள்லேருந்துதான் தீட்டுக் கணக்கு. பாரியாளுக்கு எப்போ கேட்டாலும் பூரா பத்து நாள். தேவரீர் ரெண்டு பேருக்கும் வருஷம் தாண்டிடுத்து இல்லையோ, அதனால ஸ்நானம் பண்ணிட்டாப் போறும், சுத்தி. சரீரம் இல்லாததுக்குப் பண்ணவேண்டிய காரியமெல்லாம் நாளைக்கு நேர்ல வந்து விண்ணப்பிக்கறேன்."

போன் அணைந்தது.

"எனக்கு என்ன சொன்னார்?" என்றாள் வேதவதி.

"ஸ்நானம் பண்ணச் சொன்னார்."

"அவளுக்குப் பத்து நாள். எனக்கு?"

"ஸ்நானம்தான், வேதா. வருஷம் தாண்டிடுத்து."

"பெத்தவளுக்கு ஒரு முழுக்குத்தானா?"

அழகியமணவாளன் அணைந்துபோன போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேதவதி விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போனாள். வாளி தரையில் இடிக்கிற சத்தம். பிறகு தண்ணீர் விழுகிற சத்தம், விட்டு விட்டு, ரொம்ப நேரம். கமலினி தலைப்பூவைத் தானே எடுத்தாள். தீட்டுக்காரி ஒதுங்கி உட்காரவேண்டிய மூலை எது என்று அவளுக்குத் தெரியும். போய் உட்கார்ந்தாள். பட்டுப் புடவை தரையில் சரசரத்தது. இந்தக் கிழவி இனி ஜென்மத்துக்கும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். தான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கூட உட்கார்ந்து அழ ஆள் இல்லை.

ஈரப் புடவையோடு, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வேதவதி கூடத்துக்கு வந்தாள். சாஸ்திரப்படி அவள் இப்போது சுத்தம். நோன்பு இலைகளைத் தாண்டி நேராக அந்த மூலையை நோக்கி நடந்தாள்.

"வேதா, கிட்டப் போகாதே. அவளுக்குத் தீட்டு. தொட்டா உனக்கும் ஒட்டிக்கும்."

"தெரியும்."

வேதவதி கமலினியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மருமகளின் தலையை இழுத்துத் தன் ஈரத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்ததில் கமலினிக்கு வலித்தது.

"எனக்கும் பத்து நாள் வேணும்," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு வரச்சே அந்த வாத்தியார்கிட்ட சொல்லிடுங்கோ. நான் இவளோடதான் உக்காரப்போறேன்."

பிறகு வாயைத் திறந்து, "என் குழந்தே!" என்று ஒரு கத்துக் கத்தினாள். கோடி வீட்டில் விளக்கைப் போட்டார்கள். கமலினியும் அழ ஆரம்பித்தாள்.